2036 வரை யார் உடனிருப்பது?

கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,



கள்ளக்குறிச்சி நகரப் பள்ளிகளிலும், மாதவச்சேரி, சேஷசமுத்திரம் போன்ற ஊர்களின் பள்ளிகளிலும், வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு எனக் கல்வராயன் மலை நெடுக உள்ள பள்ளிகளிலும் வேலை பார்க்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். அங்கன்வாடிப் பணியாளர், விடுதிக் காப்பாளர், சமையலர் எல்லாரையும் சேர்த்துத்தான் ஆசிரியர்கள் என்கிறேன். ஒரு பிள்ளையின் முகத்தை நாள் தவறாமல் பார்க்கிற பெரியவர் யாரோ, அவருக்குத்தான் இந்த மடல்.

2024 ஜூன் மூன்றாம் வாரம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்து சில நாள்களே ஆகியிருந்தன. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டும் கண் தெரியவில்லை என்று கதறிக்கொண்டும் விழத் தொடங்கினார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. 65 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிக்காரர்கள். பெண்களும் அவர்களில் உண்டு. ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு சாவுப் பந்தல். அந்தப் பந்தல்களின் கீழ் என்ன நடக்கிறது என்றே புரியாமல் நின்ற பிள்ளைகளைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அப்பாவை இழந்த பிள்ளைகள் பலர். அப்பா, அம்மா இருவரையுமே இழந்தவர்களும் இருந்தார்கள்.

அரசு நிவாரணம் அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய். அதன் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, 18 வயது நிரம்பியதும் வட்டியோடு கிடைக்கும். படிப்புச் செலவையும் அரசு ஏற்றுக்கொண்டது. இவை தேவையான உதவிகள். யாரும் இவற்றைக் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஆறு வயதுப் பிள்ளைக்குப் பதினெட்டு நிறைவது 2036இல். அந்தப் பணம் அதுவரை வங்கியில் பத்திரமாக இருக்கும். அந்தப் பிள்ளையின் மூளை, தூக்கம், பயம், மனிதர்மீது வைக்கும் நம்பிக்கை ஆகிய எதுவும் 2036 வரை காத்திருப்பதில்லை. அவை இன்றைக்கு, இந்த வாரத்தில், உங்கள் வகுப்பறையிலேயே உருவாகிக்கொண்டிருக்கின்றன. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் பிள்ளையோடு யார் இருப்பார்கள் என்பதற்கு எந்த அரசாணையிலும் வரி இல்லை. அந்த வரியை எழுத முடிந்தவர்கள் நீங்கள்தான் என்று நம்புவதால் இதை எழுதுகிறேன்.

குழந்தைப் பருவத் துயரம் உடம்புக்குள் எப்படி இறங்குகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆபத்து வந்தால் அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, கை கால்கள் ஓடவோ அடிக்கவோ தயாராகின்றன. ஆபத்து நீங்கியதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும். சிறு பிள்ளைக்குத் தானாக அடங்காது. ஒரு பெரியவர் தூக்கி அணைத்து, ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் அடங்கும். அப்படிப் பல நூறு முறை நடந்த பிறகே தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் திறன் பிள்ளைக்கு வருகிறது. இரவுதோறும் வீட்டில் அடிதடி, அணைக்க வேண்டிய ஆளே பயத்தில் அல்லது துக்கத்தில் என்றால், அந்தச் சுரப்புகள் அடங்காமலேயே இருந்துவிடுகின்றன. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா எப்போதும் விழித்திருக்கிறது. நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸும், யோசித்து நிதானமாகச் செயல்பட வைக்கும் நெற்றிப்புற மூளையும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்ய முடிவதில்லை. மலையில் சாமைக் கொல்லைக்குப் பன்றி வராமல் பரண்மேல் இரவெல்லாம் காவலிருந்தவரிடம் பகலில் ஏர் பிடிக்கச் சொன்னால் முடியுமா? வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையின் நிலைமையும் அதுதான்.

கேட்டி மெக்லாக்லின், மார்கரெட் ஷெரிடன் என்ற இரு ஆய்வாளர்கள் பிள்ளைகள் படும் துயரத்தில் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, வரக்கூடாதது வருவது: அடி, மிரட்டல், கண்முன்னே வன்முறை. மற்றொன்று, வரவேண்டியது வராமல் போவது: பேச்சு, விளையாட்டு, சாப்பாடு, கவனிப்பு. முதல் வகையில் வளர்ந்த பிள்ளை பெஞ்சு கீழே விழுந்தால் துள்ளி எழும். தோளில் கை வைத்தால் கையைத் தட்டிவிடும். சிரிக்கும் முகத்திலும் கோபத்தையே தேடும். இரண்டாம் வகையில் வளர்ந்த பிள்ளை சத்தமே போடாது. சொற்கள் குறைவாக இருக்கும், கேட்டதற்குத் தாமதமாகப் பதில் வரும், மந்தம் என்று பெயர் வாங்கிவிடும். முதல் பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும். இரண்டாவது பிள்ளைக்குப் பேச்சும் கதையும் விளையாட்டும் நிறைய வேண்டும். இரண்டும் சேர்ந்தே கிடைத்த பிள்ளைகளும் உங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

இதன் நீண்டகால விளைவை உலகுக்குக் காட்டியது அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்த ஓர் ஆய்வு. உடல் பருமனுக்குச் சிகிச்சை அளித்துவந்த மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் சிகிச்சையை விட்டுப் போவதைக் கவனித்தார். பேசிப் பார்த்தபோது, பலருக்குச் சிறுவயதில் பாலியல் கொடுமை நடந்திருந்தது தெரியவந்தது. பிறகு அவரும் ராபர்ட் ஆண்டாவும் சேர்ந்து 9,508 பேரிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டு, முடிவுகளை 1998இல் வெளியிட்டார்கள். அடி, வசவு, பாலியல் கொடுமை, அம்மா அடிபடுவதைப் பார்த்தல், வீட்டில் குடிக்கு அடிமையானவர், மனநோயாளி, சிறைக்குப் போனவர் இருத்தல் என ஏழு வகைத் துயரங்கள். பாதிப் பேருக்கு மேல் ஒன்றாவது அனுபவித்திருந்தார்கள். நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதுவும் அனுபவிக்காதவர்களைவிடக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகிய அபாயங்கள் 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தன. இதயநோயும் கல்லீரல் நோயும்கூட அந்த ஏணியில் படிப்படியாக ஏறின. ஆய்வில் பங்கேற்றவர்கள் ஏழைகள்கூட இல்லை. பெரும்பாலும் மருத்துவக் காப்பீடு உள்ள நடுத்தரக் குடும்பத்தினர்.

அந்த ஏழு வகைகளை உங்கள் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கள்ளச்சாராயச் சாவு நடந்த வீடுகள் செய்தியாயின. ஆனால் அப்பா தினமும் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிற வீட்டிலிருந்து வரும் பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கிறது. அந்தச் சரக்கு அரசுக் கடையில் வாங்கியதாகவே இருந்தாலும் பிள்ளையின் இரவு ஒன்றுதான். சின்னசேலத்திலோ சங்கராபுரத்திலோ தியாகதுருகத்திலோ இருக்கும் அந்தப் பிள்ளைக்கு நிவாரணம் கிடையாது, பட்டியலும் கிடையாது. உங்கள் கண் மட்டும்தான் உண்டு.

மலையின் துயரம் வேறு மாதிரியானது. 2024 ஜூனில் உயிர் குடித்த மெத்தனால் தொழிற்சாலைக்கான விஷம். அது மலையில் ஊறியது இல்லை. ஆனாலும் கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்ற பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் கீழ்நாட்டுப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வருகிறார்கள். 1976 வரை இந்த மலை மக்கள் ஜாகீர்தார்களின் கீழே, கூலியில்லா வேலை செய்து கிடந்தவர்கள். இன்றைக்கும் மழைக்கு ஒரு போகம் விளைந்தால் உண்டு. இல்லையேல் ஆணும் பெண்ணும் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் வேலைக்குப் போக வேண்டும். செம்மரம் வெட்ட அழைத்துச் செல்லப்பட்டு ஆந்திரச் சிறைகளில் கிடந்த அப்பாக்கள் உண்டு. சாராய ஊறலைத் தேடிப் போலீஸ் வந்துபோன இரவுகளைப் பார்த்த பிள்ளைகள் உண்டு. ஒன்பதாம் வகுப்போடு நின்று கல்யாணத்துக்குப் போகும் பெண்பிள்ளைகள் உண்டு. கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலைமக்களின் வாழ்வாதாரத்தையே வழக்காக எடுத்துக்கொண்டது என்றால், நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று புரிந்துகொள்ளலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை அவ்வளவுதான் என்று யாராவது முடிவு கட்டினால் அதைவிடப் பெரிய தீங்கு இல்லை. ஃபெலிட்டியோடு ஆய்வு செய்த ஆண்டாவே 2020இல் ஒரு கட்டுரை எழுதி எச்சரித்தார்: இந்த எண்ணிக்கை ஒரு மக்கள்கூட்டத்தைப் பற்றிச் சொல்வது, தனி ஒரு பிள்ளைக்கு மதிப்பெண் போட்டு எதிர்காலம் சொல்ல இதைப் பயன்படுத்தக் கூடாது என்று.

எதிர்காலம் அப்படி முடிவாகிவிடுவதில்லை என்பதற்கான சான்று ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயிலிருந்து கிடைக்கிறது. எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். கரும்பு, அன்னாசித் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த தீவு அது. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் வறுமை, குடி, மனநோய், குடும்பச் சண்டை எனப் பல துயரங்களுக்கு நடுவே பிறந்தவர்கள். அவர்களிலும் மூன்றில் ஒருவர் நம்பகமான, அன்பான பெரியவர்களாக வளர்ந்தார்கள். பதின்ம வயதில் தடுமாறியவர்களில் பெரும்பாலோரும் முப்பது, நாற்பது வயதுக்குள் மீண்டுவந்தார்கள். மீண்டவர்களின் கதைகளில் திரும்பத் திரும்ப வந்த ஒன்று உண்டு. பெற்றோர் இல்லையென்றாலும் ஒரு பாட்டி, ஒரு சித்தி, ஒரு ஆசிரியர் என்று விட்டுப்போகாமல் நின்ற ஒரே ஒரு பெரியவராவது இருந்தார். அந்தப் பட்டியலில் ஆசிரியர் என்ற சொல் இருக்கிறது. உங்களுக்கு இதை எழுதத் துணிவு தந்தது அந்தச் சொல்தான்.

நம் நாகப்பட்டினத்தையும் நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாவட்டம் அது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அங்கே அன்னை சத்யா அரசுக் காப்பகம் தொடங்கப்பட்டது. அப்போது ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் மாற்றலாகிப் போன பிறகும் அங்கே வளர்ந்த பிள்ளைகளை மறக்கவில்லை. அவரும் அவர் மனைவியும் தொடர்பு விடாமல் இருந்து, அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் திருமணத்தை 2022இல் முன்னின்று நடத்தினார்கள். பதினேழு ஆண்டுகள்! கட்டடமும் நிதியும் அரசுடையவை. மாற்றல் உத்தரவுக்குப் பிறகும் அறுபடாத உறவு ஒரு மனிதருடையது. எல்லா அதிகாரியும் எல்லா ஆசிரியரும் அப்படி இருக்க முடியாது என்பது தெரியும். ஆனாலும் நம் ஊரிலேயே அது நடந்திருக்கிறது.

உண்டு உறைவிடப் பள்ளிகளில் இருக்கும் உங்களிடம் தனியாகச் சில வார்த்தைகள். ஐந்து, ஆறு வயதில் வீட்டை விட்டு விடுதிக்கு வரும் பிள்ளைகள் உங்களிடம் இருக்கிறார்கள். ருமேனியாவில் 1989இல் சௌசெஸ்கு ஆட்சி விழுந்தபோது, காப்பகங்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கிடந்தார்கள். 2000இல் சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகியோர் புக்காரெஸ்டில் 136 குழந்தைகளை ஆய்வுக்கு எடுத்தார்கள். பாதிப் பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். காப்பகத்திலேயே இருந்தவர்களைவிட அவர்களுடைய அறிவுத்திறனும் பிறரோடு ஒட்டும் பாசமும் நன்றாக வளர்ந்தன. இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்கள் அதிகம் மீண்டார்கள். உங்கள் விடுதிகள் அந்தக் காப்பகங்களைப் போன்றவை இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு மலையில் தாய் தகப்பன் உண்டு, விடுமுறைக்கு வீடு உண்டு, பாடும் ஆடும் சொந்தபந்தம் உண்டு. இருந்தாலும் அந்த ஆய்வு சொல்லும் பாடம் உங்களுக்கும் பொருந்தும். உணவும் கூரையும் இருந்தும், தன்னை அடையாளம் கண்டுகொள்ளும் ஒரே ஆள் தொடர்ந்து இல்லாமல்போனால் பிள்ளை தேங்கிவிடும். நாற்பது பிள்ளைகளுக்கு மாறி மாறி வரும் காவலாளியால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

முதலில், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். உங்கள் பள்ளியில் துயரத்தில் இருக்கும் பிள்ளைகள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டாம். ஆசிரியர்கள் கூடிப் பேசி, இந்தப் பிள்ளையை இவர் பார்த்துக்கொள்கிறார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசுவது, வராத நாளில் ஏன் வரவில்லை என்று விசாரிப்பது, காலைச் சிற்றுண்டியைச் சாப்பிட்டதா, தம்பிக்கென்று பையில் எடுத்து வைத்ததா என்று கவனிப்பது. நீங்கள் விடுப்பில் போனால் எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நாளில் வந்து நில்லுங்கள். மாற்றலாகிப் போனால் அடுத்தவரிடம் அந்தப் பிள்ளையை நேரில் கைபிடித்து ஒப்படையுங்கள். சொல்லாமல் மறைந்துபோன ஆட்களை அந்தப் பிள்ளை ஏற்கெனவே போதுமான அளவு பார்த்துவிட்டது.

இரண்டாவது, சாவை மறைக்காதீர்கள். அப்பா எப்போது வருவார் என்று சின்னப் பிள்ளை கேட்டால், ஊருக்குப் போயிருக்கிறார், சாமியிடம் போயிருக்கிறார் என்று சொல்லத் தோன்றும். பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். போனவர் நம்மேல் கோபமாக இருக்கிறார்போல என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும். அப்பா இறந்துவிட்டார், இனி வர மாட்டார், நீ எந்தத் தப்பும் செய்யவில்லை, உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம் என்று எளிய சொற்களில் சொல்லிவிடுவதே நல்லது. பல முறை கேட்கும். பல முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள். பேச விரும்பாத பிள்ளையைக் கிளறிக் கிளறிப் பேச வைக்க வேண்டாம்.

மூன்றாவது, அவமானத்தைத் துடைத்தெடுங்கள். வெள்ளத்தில் இறந்தவரின் பிள்ளைக்குக் கிடைக்கும் இரக்கம், சாராயம் குடித்து இறந்தவரின் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. 'குடிச்சு செத்தவன் புள்ள' என்ற சொல் தெருவிலும் விளையாட்டு மைதானத்திலும் விழுகிறது. கருணாபுரம் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பு என்பதால் அதில் சாதி இழிவும் கலந்துகொள்கிறது. மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கருக்குகிறது, உயிரைப் பறிக்கிறது. அதை விற்றவர்கள்தான் குற்றவாளிகள் என்பதை அறிவியல் பாடமாகவே உயர்நிலை வகுப்புகளில் சொல்லுங்கள். செய்தியாளரோ வேறு பிரமுகரோ வந்து அந்தப் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கக் கேட்டால் மறுத்துவிடுங்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் சொல்கிறது.

நான்காவது, பிரம்பை எடுக்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009இலேயே தடை செய்துவிட்டது. அடிபட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பள்ளியிலும் அடி என்றால், உலகம் முழுக்க இப்படித்தான் என்று அது உறுதி செய்துகொள்ளும். கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதி ஒன்றாகவும் எல்லாருக்கும் பொதுவாகவும் இருக்கட்டும், குரல் உயராமல் இருக்கட்டும். வெறி பிடித்ததுபோல் அடித்துக்கொள்ளும் பையனிடம் அந்த நிமிடத்தில் நியாயம் பேசிப் பயனில்லை. தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்து, மூச்சு அடங்கிய பிறகு பேசுங்கள்.

ஐந்தாவது, சத்தம் போடாத பிள்ளைகளைத் தேடிப் பாருங்கள். அடிக்கடி வயிற்றுவலி, தலைவலி என்பவர்கள், விடுதியில் மறுபடி படுக்கையை நனைக்கத் தொடங்கியவர்கள், பள்ளி விட்டும் வீட்டுக்குப் போகாமல் நிற்பவர்கள், பன்னிரண்டு வயதில் தம்பி தங்கைகளுக்குத் தாயாகிவிட்ட மூத்த பெண்பிள்ளை. எல்லா வேலையையும் சிரித்த முகத்தோடு செய்யும் அந்தப் பெண்ணைப் பொறுப்பானவள் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவளுக்கு விளையாட ஒரு மணி நேரம் கிடைக்கும்படி செய்யுங்கள். அவளைத் திடீரென்று பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினால், கல்யாணப் பேச்சா என்று விசாரியுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தகவல் சொல்லுங்கள். மூத்த பையன்கள் குடியைத் தொட்டுப் பார்க்கும் வயதும் இதுதான். அறிவுரையைவிட, மாலையில் அவர்களை மைதானத்தில் வைத்திருக்கும் கபடியும் கைப்பந்தும் உதவும்.

ஆறாவது, பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரையும் பாருங்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் பாட்டியோ தாய்மாமனோ அத்தையோதான் வருவார்கள். கணவனை இழந்த அம்மாவும் துக்கத்திலும் கடனிலும் இருக்கிறார். பிள்ளையைப் பற்றிய குறைகளை அடுக்காமல், முதலில் நல்லது ஒன்றைச் சொல்லி ஆரம்பியுங்கள். 'அன்புக்கரங்கள்' திட்டத்தில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் கிடைக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் நிதி ஆதரவும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதும் மனநலப் பணிதான்.

ஏழாவது, உங்களால் ஆகாததை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். சாகிறேன் என்று பேசும் பிள்ளை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை, வாரக்கணக்கில் தூங்காத, சாப்பிடாத, பேசாத பிள்ளை, பாலியல் கொடுமை நடந்திருக்கிறதோ என்று சந்தேகம் தரும் பிள்ளை, இவர்களுக்கு வல்லுநர் உதவி உடனே வேண்டும். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். டெலி மானஸ் மனநல உதவிக்கான 14416 எண்ணில் எந்நேரமும் பேசலாம். பாலியல் கொடுமை என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்ளும் விஷயம் இல்லை அது.

இத்தனையும் சொன்ன பிறகு, உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். எமிஸ் பதிவுகள், தேர்வு விழுக்காடு, தேர்தல் பணி, கணக்கெடுப்பு என்று உங்கள் நாள் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. மலைப் பள்ளிக்குப் போய்வரப் பேருந்து இல்லை, தங்க வீடு இல்லை, பாதி வகுப்புகளுக்கு ஆள் இல்லை. பிள்ளைகளின் துயரத்தைத் தினமும் கேட்பவருக்கும் தூக்கம் கெடும். எனவே, இந்தப் பொறுப்பை உங்கள் நல்ல மனத்தில் மட்டும் இறக்கிவைத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள விடக் கூடாது.

உங்கள் சங்கங்கள் ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் குரல் கொடுப்பதுபோல் இவற்றுக்கும் குரல் கொடுக்கட்டும். கல்வி ஆண்டின் நடுவே மாற்றல் கூடாது. மலைப் பள்ளிகளின் காலியிடங்களை நிரப்பி, அங்கே தங்குபவருக்குக் குடியிருப்பும் உரிய படியும் தர வேண்டும். பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் இருக்கும் ஒவ்வொரு விடுதியிலும், மலை மக்களிலிருந்தே தேர்ந்தெடுத்த பெண்கள் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பேச்சும் பழக்கமும் அவர்களுக்குத் தெரியும். ஊருக்கு ஒரு நாள் வந்து உரையாற்றிவிட்டுப் போகும் ஆலோசகருக்குப் பதிலாக, ஒன்றியத்துக்கு ஒருவராவது மாதாமாதம் வந்து அதே பிள்ளைகளைப் பார்க்கும் மனநல ஆலோசகர் வேண்டும். உங்களுக்கும் பயிற்சியும், மனம் விட்டுப் பேச ஓர் இடமும் வேண்டும். 2024இல் பெற்றோரை இழந்த ஒவ்வொரு பிள்ளையும் எங்கே படிக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார், எப்படி இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை மாவட்ட நிர்வாகம் நேரில் விசாரித்து அறிய வேண்டும், 2036 வரையிலும், கடைசிப் பிள்ளை பதினெட்டைத் தொடும் வரையிலும்.

இவை கிடைக்க நாளாகலாம். அதற்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த வாரம் நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். யாருமில்லாமல் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் உங்களில் ஒருவர் கை தூக்குங்கள். இதற்கு அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். அப்படிக் கை தூக்கிய ஒருவரால் ஒரு வாழ்க்கை திசை மாறும் என்பது கவாய்த் தீவிலும் நாகப்பட்டினத்திலும் நடந்து தெரிந்த உண்மை. கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் அதை நடத்திக் காட்ட உங்களால் முடியும்.



உங்கள் பிள்ளைகளின் நலம் நாடும் ஒரு எழுத்தாளர்